பாலெஸ்திரினாவும் பாறசாலையும்

தமிழக-கேரள எல்லையில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியைக் கடந்து, இஞ்சிவிளை வழியாகப் பாறசாலைக்கு வரும் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று விதமான கிறிஸ்தவப் பாட்டு கேட்கும். லண்டன் மிஷன் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் கீர்த்தனையும் நான்கு குரல் ஹிம்னும் ஒலிக்கும். லத்தீன் கத்தோலிக்கக் கோயில்களில் கீபோர்டோடு மலையாளத் திருப்பலிப் பாட்டு. மலங்கரை கத்தோலிக்கக் கோயில்களில் சுரியானி மரபின் எட்டு மெட்டுகள். நெய்யாற்றின்கரை 1996இல் தனி லத்தீன் மறைமாவட்டமானது. 2017இல் பாறசாலை மலங்கரை சபையின் மறைமாவட்டமானது. ஒருவருக்கொருவர் சொந்தபந்தமான குடும்பங்களே இந்த மூன்று சபைகளிலும் பிரிந்து நிற்பதால், ஒரு வீட்டுக் கல்யாணத்தில் மூன்று பாட்டு மரபும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதுண்டு.

இந்த வட்டாரத்து இளைஞர் கொயர் ஒன்று, ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தின் பல்குரலிசையைப் பாடிப் பதிவு செய்ய விரும்பினால், அது எவ்வளவு தூரத்து ஆசை? பாலெஸ்திரினா, விக்டோரியா, டாலிஸ், பேர்ட் போன்ற பெயர்களைக் கேட்டதும் நம் கொயர் மாஸ்டர்கள் பலர் தயங்குவார்கள். அதெல்லாம் கேம்பிரிட்ஜ் கல்லூரிச் சிற்றாலயங்களுக்கு உரியது, நமக்கு ஹிம்னே போதும் என்பார்கள். என் முடிவு இதற்கு நேர் எதிரானது. கீர்த்தனையில் வளர்ந்த காதுக்கு, 19ஆம் நூற்றாண்டு ஆங்கில ஹிம்னைவிட 16ஆம் நூற்றாண்டுப் பல்குரலிசைதான் உறவில் நெருங்கியது. ஹிம்ன் முதலில் வந்துவிட்டதால் இந்த உறவு நம் கண்ணில் படவில்லை. அவ்வளவுதான்.

முதலில் இசையின் அமைப்பைப் பார்ப்போம். பாலெஸ்திரினாவின் 'சிகுத் செர்வுஸ்' 42ஆம் சங்கீதத்தின் தொடக்க வசனத்துக்கு எழுதப்பட்ட நான்கு குரல் பாட்டு. நீரோடையைத் தேடும் மானைப் பற்றிய அந்த வசனம் இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். பாட்டை டெனர் தனியாகத் தொடங்குகிறது. அந்த வரி வளர்ந்து போகும்போது ஆல்டோ அதே வரியைத் தன் உயரத்தில் எடுக்கிறது. பிறகு சோப்ரானோ, கடைசியில் பேஸ். நான்கு பேரும் ஒரே ராகச் சொற்றொடரை வெவ்வேறு நேரத்தில் எடுத்து, தங்கள் தங்கள் வழியில் விரித்துக்கொண்டு போகிறார்கள். யாரும் யாருக்கும் துணைப்பாட்டு பாடவில்லை. எந்தக் குரலைத் தனியாகப் பிரித்துப் பாடினாலும் அது முழுமையான ஒரு மெட்டாக நிற்கும்.

ஹிம்ன் அப்படி இல்லை. அதில் மெட்டு சோப்ரானோவுக்குச் சொந்தம். ஆல்டோ பாடுகிற பெண்பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று சுரத்துக்குள் சுற்றிவரும் ஓர் இடைவரி. பேஸ் அடியைத் தாங்கும், டெனர் இடைவெளியை நிரப்பும். நால்வரும் ஒரே நேரத்தில் ஒரே அசையைச் சொல்வார்கள். சபை முழுவதும் சேர்ந்து பாடுவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராகத்தில் பழகிய ஒரு பிள்ளையிடம் ஆல்டோ வரியைக் கொடுத்து 'இதுதான் உன் பாட்டு' என்று சொன்னால், அவள் இரண்டாம் வாரமே மெல்ல சோப்ரானோ பக்கம் சாய்ந்துவிடுவாள். கொயர் நடத்தும் எல்லாருக்கும் தெரிந்த தொல்லை இது. அந்தப் பிள்ளையின் காதில் கோளாறு எதுவும் கிடையாது. மெட்டு இருக்கும் பக்கம் காது போகிறது.

இந்த மண்ணில் எந்த இசை எப்போது வந்தது என்று பார்த்தால், ஹிம்ன் முந்திக்கொண்ட கதை புரியும்.

1544ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் பிரான்சிஸ் சேவியர் திருவிதாங்கூர்க் கடற்கரையில், பூவாறு தொடங்கித் தெற்கே உள்ள மீனவ ஊர்களில் இருந்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குத் திருமுழுக்கு கொடுத்ததாக 1545 ஜனவரியில் அவரே கடிதம் எழுதினார். பூவாறு நெய்யாறு கடலில் கலக்கும் இடம். பாறசாலையிலிருந்து வெகுதூரம் இல்லை. அதே 1544 அக்டோபரில், ரோமுக்கு அருகே தன் சொந்த ஊர்ப் பேராலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகவும் பாட்டு கற்பிப்பவராகவும் வேலைக்குச் சேர்ந்தான் ஏறத்தாழ 19 வயது இளைஞன் ஒருவன். அந்த ஊரின் பெயரே பாலெஸ்திரினா. நாம் ஏதோ ஒரு தொலைதூரப் பழங்காலம் என்று ஒதுக்குகிற இசை, நம் கடற்கரைக் கத்தோலிக்க வரலாற்றின் முதல் நாளோடு ஒரே வயதுடையது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சானபோது பாலெஸ்திரினா ரோமில் முழு வேகத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

சேவியர் கொண்டுவந்தது பல்குரலிசை அல்ல. தமிழில் பெயர்த்த மன்றாட்டுகளைச் சிறுபிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து, அவர்கள் வாயால் வீடு வீடாகப் பரப்புவது அவர் முறை. ஒரே குரலில், கூட்டமாக, மனப்பாடமாக. கோவாவில் நிலைமை வேறு. அங்கே போர்த்துகீசிய அரசும் துறவுச் சபைகளும் பள்ளிகளும் சேர்ந்து இருந்ததால், பங்குப் பள்ளிகளில் சிறுவர்களுக்கு நொட்டேஷனும் பல குரல் பாட்டும் கற்றுத்தரும் ஏற்பாடு வேரூன்றியது. திருவிதாங்கூர்க் கரையில் அந்த அளவு பணமோ பள்ளியோ இல்லை. பல்குரலிசைக்கு நல்ல குரல் மட்டும் போதாது. வாசிக்கத் தெரிந்த பாடகர்கள் வேண்டும், பல வருடம் ஒரே இடத்தில் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர் வேண்டும். நெய்யாற்றின்கரையின் உட்பகுதிக் கிராமங்களில் லத்தீன் சபை பரவியதோ இன்னும் பிந்தி, 20ஆம் நூற்றாண்டில், கொல்லம் ஆயர் பென்சிகர் காலத்திலும் அதற்குப் பின்னும் வந்த கர்மெலித் துறவிகளால். அதற்குச் சற்று முன்னர்தான், 1903 நவம்பரில், பத்தாம் பியுஸ் கிரகோரியப் பாட்டை முதலிடத்திலும் பாலெஸ்திரினா வகைப் பல்குரலிசையை அதற்கு அடுத்தும் வைத்து ஆணை எழுதியிருந்தார். ஆணை இருந்தது. ஓலைக்கூரைக் கோயிலில் அதைப் பாட ஆள் இல்லை. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு பல்குரலிசையை எந்த வகையிலும் விலக்கவில்லை. மறைபரப்பு நாடுகளின் சொந்த இசைக்கும் உரிய இடம் கொடுக்கச் சொன்னது. நடைமுறையில் லத்தீன் மொழி போனது, அதோடு அந்த இசைக்கான வாய்ப்பும் போனது.

புராட்டஸ்டன்ட் கதை நிலப்பக்கமாக வந்தது. லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். 1818இல் சார்லஸ் மீட் நாகர்கோவிலுக்கு வந்தார். 1820இல் அங்கே அச்சகம் நிறுவினார். பாறசாலையில் பணி செய்த ஜான் ஆப்ஸ் 1838இல் வந்து, தன் 22 ஆண்டு அனுபவத்தை 1870இல் நூலாக்கினார். 1859இல் வந்த சாமுவேல் மட்டீர், திருவிதாங்கூர் வாழ்க்கையைப் பற்றி எழுதிய இரண்டு பெரிய நூல்களுக்காக இன்றும் வாசிக்கப்படுகிறார். இவர்களோடு ஆங்கில ஹிம்ன் வந்தது. ஆனால் சபையின் நெஞ்சில் உட்கார்ந்தது கீர்த்தனை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்கள் கையெழுத்தாகவும் வாய்மொழியாகவும் தெற்கே பரவின. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபின் அவை சபைகளின் பொதுச்சொத்தாயின. நெய்யாற்றின்கரைக்கு அருகே திருப்புறத்தில் 1847இல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார், கர்நாடக ராகங்களில் மலையாளக் கீர்த்தனைகளை எழுதினார். தமிழிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் பல பாடல்களை மலையாளத்துக்குக் கொண்டுவந்தார். எல்லைக்கு இருபுறமும் இன்று பாடப்படும் ஒரே மெட்டுகளுக்கு இவரைப் போன்றவர்களே காரணம். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடும் கல்குளமும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் சென்னை மாநிலத்துக்குப் போயின, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தென் திருவிதாங்கூர்த் திருமண்டலமும் 1959இல் கன்னியாகுமரி என்றும் தென் கேரளம் என்றும் இரண்டாயிற்று. மெட்டு பிரியவில்லை.

ஆக, ஒரு சராசரிச் சபைப் பிள்ளை இரண்டு காதுகளோடு வளர்கிறது. ஒன்று கீர்த்தனைக் காது: ஒரே மெட்டு, சுருதி, தாளம், ராகத்தின் அசைவு. இன்னொன்று ஹிம்ன் காது: நான்கு குரல் சேர்ந்தால் ஒரு முழக்கம் எழும் என்ற அறிவு. இரண்டும் தனித்தனி அலமாரிகளில் இருக்கின்றன. ஈரோட்டில் பணியாற்றிய லண்டன் மிஷன் போதகர் எச்.ஏ. பாப்ளி, 1914இல் எல்.ஐ. ஸ்டீபனோடு சேர்ந்து இசைவழி நற்செய்திப் பணிக்கு ஒரு கையேடு வெளியிட்டார். 1921இல் இந்திய இசையைப் பற்றித் தனி நூலும் எழுதினார். மிஷனுக்குள்ளிருந்தே கீர்த்தனை வழிக்கு எழுந்த நல்ல வழக்குரை அது. ஆனால் கீர்த்தனையா ஹிம்னா என்றே அன்று கேள்வி இருந்தது. இரண்டு காதையும் ஒரே பாட்டில் உழைக்கவைக்கும் இசை ஒன்று ஐரோப்பாவிலேயே, ஹிம்னுக்கு முன்னூறு ஆண்டு முன்பே இருந்ததை அந்த விவாதத்தில் யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை.

இந்த உறவைப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் அது வெறும் பெருமை பேச்சாகிவிடும். விவரத்துக்குள் போக வேண்டும்.

ராகம் முதலில். மறுமலர்ச்சிக் காலத்து இசைக்கு மேஜர், மைனர் என்ற இரண்டே வீடு கிடையாது. எட்டு மோடுகள் இருந்தன. பிற்பாடு, 1547இல் இசை அறிஞர் கிளாரியானுஸ் அவற்றைப் பன்னிரண்டாக்கினார். டோரியன் மோடின் சுரங்கள் நம் கரகரப்பிரியாவின் சுரங்கள். ஃப்ரிஜியன், தோடி மேளத்தின் சுரங்கள். மிக்ஸோலிடியன், அரிகாம்போதி. சுரங்கள் ஒன்றாயிருப்பதால் ராகம் ஒன்றாகிவிடாது என்பது கீர்த்தனை பாடுகிற யாருக்கும் தெரியும். தோடியின் அசைவு ஃப்ரிஜியனில் இல்லை. ஆனால் முடிவுச் சுரம் எது, நின்று இளைப்பாறும் சுரம் எது, எந்தச் சொற்றொடர் இந்த மோடுக்கே உரியது என்று கேட்கும் பழக்கம் இரண்டுக்கும் பொது. மலங்கரைக் கோயில் பிள்ளைகளுக்கு இது இன்னும் எளிது. அவர்களுடைய எட்டு மெட்டுகள் எட்டு வாரச் சுழற்சியில் ஒவ்வொரு வாரமும் மாறுகின்றன. லத்தீன் சபையின் எட்டு மோடுகளும் சுரியானி எட்டு மெட்டுகளும் கிழக்கு மத்தியதரைக்கடல் சபைகளில் வளர்ந்த ஒரே எண்வகை முறையின் கிளைகள். பாறசாலையில் அந்தக் கிளை இன்றும் பச்சையாக இருக்கிறது. ரோமில் மோடுகளை இசைக் கல்லூரியில் படிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது சுருதி. கீபோர்டில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியிருக்கிறார்கள். ஓர் அரைச் சுரத்தை 100 பங்காகக் கொண்டால், அதன் அந்தர காந்தாரம் இயற்கையான காந்தாரத்தைவிட 14 பங்கு கூடுதல். தம்புராவின் மந்தர சட்ஜக் கம்பியை மீட்டி அமைதியாகக் கேட்டால் அதற்குள்ளிருந்து அந்தர காந்தாரம் தானாக எழும். அந்தக் காந்தாரத்தைத்தான் பாலெஸ்திரினாவின் பாடகர்கள் தேடினார்கள். வாத்தியம் இல்லாமல், ஒருவர் குரலை ஒருவர் கேட்டுச் சேர்ந்தால் நான்கு குரல் சுத்தமாக இணையும்போது ஐந்தாவதாக ஒரு சுரம் மேலே மிதப்பது கேட்கும். கீபோர்டோடு பயிற்சி செய்த கொயருக்கு இது ஒருபோதும் கிடைக்காது. சுருதிப் பெட்டியோடு பயிற்சி செய்த கொயருக்குக் கிடைக்கும். எனவே முதல் ஆலோசனை: இந்தப் பாட்டுகளுக்குப் பயிற்சி நடக்கும்போது கீபோர்டை மூடி வைத்துவிட்டு, மத்தியில் ஒரு சுருதிப் பெட்டி வைக்க வேண்டும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒவ்வோர் இணைப்பையும் சுத்தமாக்கிக்கொண்டே போனால் பாட்டின் முடிவில் சுருதி மெல்ல ஏறியோ இறங்கியோ விடும். வெனிஸ்காரரான பெனெடெட்டி 1585இல் வெளியான தன் நூலில் இதைக் கணக்குப் போட்டே காட்டினார். சுருதிப் பெட்டி பயிற்சிக்கு வேண்டும், பதிவுக்கு வேண்டாம். பதிவின்போது சிறிய இறக்கம் வந்தால் அதைக் குற்றமாக நினைக்கவும் வேண்டாம்.

தாளம். அக்காலத்துப் பாடகர்களின் தாளில் பார் கோடு கிடையாது. ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகம். மற்றவர் பாடுவது தன் தாளில் இருக்காது. 1501இல் வெனிஸில் பெத்ருச்சி பல்குரலிசையை அச்சிடத் தொடங்கியபின் இந்த வகைத் தனிப்புத்தகங்கள் பெருகின. கை ஏறி இறங்கும் ஒரே அளவான தட்டு எல்லாரையும் சேர்த்துப் பிடித்தது. அதை டாக்டுஸ் என்றார்கள். அமைதியாக மூச்சுவிடும் மனிதனின் நாடித்துடிப்பை அதற்கு அளவாகச் சொன்னார் இசை அறிஞர் கஃபூரியுஸ், 1496இல். தொடையில் ஆதிதாளம் போட்டுக்கொண்டு, எடுப்பு தாளத்துக்கு வெளியே விழுந்தாலும் கலங்காமல் பாடுகிற பிள்ளைக்கு இது புதிதில்லை. பார் கோட்டின் முதல் அடியை அழுத்தியே பழகிய ஹிம்ன் கொயர்தான் இங்கே தடுமாறும்.

சுர எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் ஊத், ரே, மி, ஃபா, சோல், லா என்ற அசைகளைப் பாடக் கற்பிக்கும் முறை 11ஆம் நூற்றாண்டில் குவிதோவிடம் தொடங்கியது. அவை நிலையான சுரங்கள் அல்ல. நம் சட்ஜம் போலவே இடம் மாறக்கூடியவை. மறுமலர்ச்சிக் கால இசையமைப்பாளர் ஜோஸ்கானின் ஒரு திருப்பலி இசைக்குப் பெயரே லா சோல் ஃபா ரே மி. நம் கணக்கில் த ப ம ரி க. அந்த ஐந்து சுரத்தைத் திரும்பத் திரும்ப வெவ்வேறு குரலில், வெவ்வேறு காலத்தில் வைத்து முழுத் திருப்பலியையும் கட்டியிருக்கிறார். சுரக்கோர்வை அனுபவம் உள்ளவர்கள் இதைக் கேட்டால் உடனே ரசிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வென் பரப்பிய டானிக் சோல்ஃபாவும் இடம் மாறும் 'டோ'வைக் கொண்டது. கர்வென் காங்கிரகேஷனல் போதகர்; லண்டன் மிஷனுக்கும் அதே சபை மரபுதான் முதுகெலும்பு. பாறசாலைப் பிள்ளைகளுக்கு ஸ்டாஃப் நொட்டேஷனைப் பல மாதம் புகட்டுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு குரலையும் ச ரி க ம எழுத்தில், தனித்தனிப் புத்தகமாக எழுதிக் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் 1584இல் ரோமில் ஒரு சிறுவன் கையில் இருந்ததற்கு மிக நெருங்கிய தாள் அவர்கள் கையில் இருக்கும்.

இனி குரல். இங்கேதான் உண்மையான கடினம் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. நம் பெண்பிள்ளைகள் ஐந்து, ஆறு கட்டையில் நெஞ்சுக்குரலில் பாடிப் பழகியவர்கள். அச்சில் கிடைக்கும் சோப்ரானோ வரிகள் அவர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போகும். எட்டிப் பிடிக்கச் சொன்னால் குரல் கிழியும். ஆனால் அக்காலத்தில் எழுதப்பட்ட சுரம் நிலையான உயரத்தைக் குறிக்கவில்லை. கியாவெட்டே என்ற உயர்ந்த கிளெஃப் தொகுதியில் எழுதப்பட்டிருந்தால் நான்கு சுரம் கீழே இறக்கிப் பாடுவது வழக்கம். பாடகர்களின் குரலுக்கு ஏற்பக் கட்டையை மாற்றுவதற்கு வரலாறே அனுமதி தருகிறது. கொயர் மாஸ்டர் வெட்கப்படாமல் இறக்கலாம்.

கமகம் இரண்டாவது பிரச்சினை. சுரத்துக்குச் சுரம் வழுக்கிப் போகும் பழக்கம் தனிக்குரலில் அழகு. நான்கு குரல் சேரும்போது அது சேர்க்கையைக் கலைத்துவிடும். கம்பிதம் இல்லாமல் ஒரு சுரத்தை நேராகப் பிடிக்கக் கற்பது கீர்த்தனைப் பாடகருக்குப் பெரிய தவம். அகாரப் பயிற்சியில் நீண்ட நேரம் ஒரு சுரத்தில் நிற்கும் சாதகம் ஏற்கனவே நம்மிடம் உண்டு என்பதால், புதிதாக எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. இருப்பதை வேறு நோக்கத்துக்குத் திருப்ப வேண்டும்.

உச்சரிப்பில் நமக்கு லாபமே. லத்தீனின் ஐந்து உயிரொலிகள் தமிழ், மலையாள உயிர்களோடு நேராகப் பொருந்துகின்றன. ஆங்கிலம் பேசும் கொயர்கள் 'ஓ' என்பதை 'ஓவு' ஆக்கிவிடாமல் இருக்க வருடக்கணக்கில் திருத்தப்படுகிறார்கள். இங்கே அந்த வேலை முதல் நாளே முடிந்துவிடும். சொல் தெளிவு வெறும் அலங்காரம் இல்லை. திரெந்து சங்கம் 1562இல் ஆலய இசையைப் பற்றிப் பேசியபோது, வார்த்தை புரியாமல் போவதே முக்கியப் புகாராக இருந்தது. பாலெஸ்திரினா 1567இல் அச்சிட்ட மார்செல்லுஸ் திருப்பலியில் சொற்கள் அத்தனை தெளிவாகக் கேட்பதால், பல்குரலிசையைத் தடையிலிருந்து அதுவே காப்பாற்றியது என்று பிற்காலத்தார் கதை கட்டினார்கள். கதை நிற்காது, சொல்லின் தெளிவு நிற்கிறது.

பெண் குரலைப் பற்றி ஒரு தனி வார்த்தை. இந்த இசை பெரும்பாலும் சிறுவர்களும் ஆண்களும் பாட எழுதப்பட்டது. 1903 ஆணையும் வழிபாட்டு இசைக்குழுவிலிருந்து பெண்களை விலக்கியது. ஆனால் அதே 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கன்னியர் மடங்களில் பெண்கள் பல்குரலிசை பாடினார்கள். பேஸ் வரியை உயர்த்திப் பாடியோ வாத்தியத்தில் வாசித்தோ சமாளித்தார்கள். எந்தக் குரல் எங்கே ஒலிக்கலாம் என்ற கேள்வி பாறசாலைக்கு அந்நியமில்லை. இவ்வூரில் 1924இல் பிறந்த பாறசாலை பி. பொன்னம்மாள், திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவி. பத்மநாபசுவாமி கோயில் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடக்கூடாது என்றிருந்த வழக்கம் உடைந்து, அங்கே முதன்முதலாகப் பாடிய பெண் அவரே. அது நடந்தது 2006இல். அப்போது அவருக்கு 80 வயது கடந்திருந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது இந்த வட்டாரத்துப் பாட்டுக்காரப் பெண்கள் எத்தனை பேர் மனதுக்குள் நிமிர்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். பாறசாலையில் உருவாகும் கொயர், பெண்பிள்ளைகளை மட்டும் கொண்டதாகவே இருந்தாலும் அது குறைபாடு ஆகாது. இத்தாலிய மடங்கள் வழிகாட்டியிருக்கின்றன.

இளைஞர் கொயர் என்ற வடிவமும் நமக்குப் புதிதில்லை. மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன், அதாவது எம்.பி. சீனிவாசன், 1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கினார். மலையாளத் திரையுலகம் அவரைத் தன் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவராகக் கொண்டாடுகிறது; தமிழில் 'பாதை தெரியுது பார்' படத்தை நினைப்பவர்கள் அவரை நினைப்பார்கள். முறையான பயிற்சி இல்லாத இளைஞர்களைச் சேர்த்து, பாரதியை, இந்திய மொழிப் பாட்டுகளைப் பல குரலில் பாடவைத்தார். 1988இல் அவர் இறக்கும்வரை அந்த வேலை நிற்கவில்லை. குரல்களைப் பிரிக்கும்போது ராகம் சிதையக் கூடாது என்பதில் அவருக்கு இருந்த கவனம்தான் நமக்கு முக்கியமான பாடம். எல்லைக்கு இருபுறமும் சொந்தம் கொண்டாடப்படும் அந்த மனிதர் காட்டிய வழியில் பாலெஸ்திரினா ஒரு நியாயமான அடுத்த படி.

இந்த இசை ஒலிப்பதிவான வரலாறும் இளைஞர்களின் வரலாறுதான். 1902இலும் 1904இலும் கிராமபோன் நிறுவனம் ரோமில் சிஸ்டைன் சிற்றாலயப் பாடகர்களைப் பதிவு செய்தது. அதே நிறுவனம் 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தது. ரோமில் பதிவான தட்டுகளைக் கேட்டால் பாலெஸ்திரினாவை ஆபரா பாணியில், பெரும் நடுக்கத்தோடு பாடுவது தெரியும். இன்று நாம் இந்த இசையின் ஒலி என்று நினைக்கும் நேரான, கண்ணாடி போன்ற ஒலி பின்னால் வந்தது. 1973இல் ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் பிலிப்ஸ் என்ற மாணவர், கல்லூரிச் சிற்றாலயங்களில் பாடிக்கொண்டிருந்தவர்களைச் சேர்த்து டாலிஸ் ஸ்காலர்ஸ் குழுவைத் தொடங்கினார். 1980இல் மெர்ட்டன் கல்லூரிச் சிற்றாலயத்தில் அவர்கள் பதிவு செய்த அலெக்ரியின் 'மிசெரெரே' உலகம் சுற்றியது. முன்னர்ச் சொன்ன ஜோஸ்கானின் த ப ம ரி க திருப்பலியையும் அவர்கள்தான் பதிவு செய்தார்கள். 1987இல் கிராமபோன் இதழின் ஆண்டின் சிறந்த பதிவுக்கான விருதை அது பெற்றது. பழைய இசைக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை. இங்கிலாந்தில் ரால்ஃப் ஆல்வுட் நடத்திய கோடைக்காலப் பயிற்சி முகாம்களிலிருந்து உருவான ரொடால்ஃபஸ் கொயரில் பாடுகிறவர்கள் இளம் வயதினர். மறுமலர்ச்சிக் கால இசையில் அவர்களுடைய பதிவுகள் பெரியவர்களின் பதிவுகளோடு வைத்து மதிக்கப்படுகின்றன. நடுக்கம் குறைந்த, மூச்சு நீண்ட இளங்குரலுக்கு இந்த இசை இயல்பாகப் பொருந்துகிறது.

பதிவு என்று வந்தால் நம் பக்கத்துப் பழக்கம் ஒன்றைக் கைவிட வேண்டும். இங்கே கிறிஸ்தவ ஆல்பம் தயாராகும் முறை எல்லாருக்கும் தெரியும்: ஸ்டுடியோவில் முதலில் கீபோர்டு ட்ராக், பிறகு ஒவ்வொரு பாடகராகக் கண்ணாடி அறைக்குள் போய் ஹெட்ஃபோன் மாட்டிப் பாடுவது, பிறகு சுருதி திருத்தும் மென்பொருள். பல்குரலிசையை இப்படிப் பதிவு செய்தால் செத்த பாட்டுதான் மிஞ்சும். ஒருவர் காந்தாரத்தை இன்னொருவர் கேட்டுத் தன் பஞ்சமத்தை வைப்பதே இதன் உயிர். எல்லாரும் ஒரே அறையில், அரைவட்டமாக, ஒருவர் முகம் ஒருவர் பார்க்க நின்று பாட வேண்டும். நடுவில், தலைக்குச் சற்று மேலே, ஒரு ஜோடி மைக் போதும். ஒவ்வொருவர் வாய்க்கும் ஒரு மைக் வைத்தால் கூட்டுக்குரலுக்குப் பதில் தனிக்குரல்களின் பட்டியல் கிடைக்கும்.

அறையைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. ஒலி இரண்டு மூன்று நொடி நின்று அடங்கும் பழைய உயர்கூரைக் கோயில் வேண்டும். ஓட்டுக்கூரையும் மரத்தட்டியும் உள்ள ஆலயங்கள், டைல்ஸ் ஒட்டிய புதிய கான்கிரீட் மண்டபங்களைவிட நல்லவை. கான்கிரீட்டில் ஒலி அறைந்து திரும்பும். ஓட்டுக்கூரையில் மெல்லக் கரையும். தேசிய நெடுஞ்சாலையின் லாரிச் சத்தத்துக்கு எட்டாத இடம் என்றால் செறுவாரக்கோணம், காரக்கோணம் பக்கத்து உள்ளூர் ஆலயங்களைத் தேடலாம், அல்லது பொழியூர், பூவாறு கடற்கரைப் பக்கம் போகலாம். அங்கே அலைச்சத்தம் பதிவில் எவ்வளவு விழுகிறது என்று முன்கூட்டியே சோதித்துப் பார்த்துவிட வேண்டும். பதிவு நேரம் இரவு பத்துக்கு மேல். மின்விசிறி நிறுத்தப்பட வேண்டும். எடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை மாதங்களைத் தவிர்க்க வேண்டும்.

ஆள் எண்ணிக்கை குறித்தும் நம் கொயர்களின் எண்ணத்தை மாற்ற வேண்டும். கன்வென்ஷன் மேடையில் நூறு பேர் நிற்பது பெருமை. இந்த இசைக்கு அது சுமை. பாப்பரசரின் குழுவிலேயே பல இடங்களைக் குரலுக்கு ஒருவராக நின்று பாடியிருக்கிறார்கள். டாலிஸ் ஸ்காலர்ஸ் வழக்கமாகக் குரலுக்கு இருவர். பாறசாலையில் குரலுக்கு மூன்று அல்லது நான்கு பேர், மொத்தம் பன்னிரண்டு முதல் பதினாறு பேர் போதும். மூன்று சபைகளிலிருந்தும் எடுக்கலாம்: கீர்த்தனையில் வளர்ந்தவர்கள், நான்கு குரல் பிரிக்கத் தெரிந்தவர்கள், எட்டு மெட்டு அறிந்தவர்கள். மூன்று தரப்பினரும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடும் வாய்ப்பு இவர்களுக்கு இதுவரை வேறு எங்கும் வாய்த்திருக்காது.

வரிசையை நான் இப்படி வைப்பேன். முதல் மாதங்கள் முழுவதும் கிரகோரியப் பாட்டு மட்டும், ஒரே குரலில், சுருதிப் பெட்டியோடு. பிறகு இரண்டு குரல் பயிற்சிகள். லாஸ்ஸுஸ் 1577இல் அச்சிட்ட இரண்டு குரல் பாட்டுகள் இதற்கு நல்லவை. அதன்பின் 'சிகுத் செர்வுஸ்'. அதை எடுக்கும்போது நான்கு குரலினருமே முதலில் டெனர் வரியையும், பிறகு ஆல்டோ வரியையும், இப்படி நான்கு வரியையும் பாடிப் பழக வேண்டும். தன் வரி மட்டும் தெரிந்தவர் பல்குரலிசை பாட முடியாது. விக்டோரியாவின் 'ஓ மாக்னும் மிஸ்தேரியும்' 1572இல் வெளியானது. கிறிஸ்துமஸ் காலத்தில் ஊர் முழுக்கக் கேரல் போகும் பிள்ளைகளுக்கு அதன் பொருளைச் சொல்லித்தர வேண்டியிருக்காது. அதே தட்டில் மோசவத்சலம் சாஸ்திரியாரின் ஒரு கீர்த்தனையையும், மலங்கரை மாலை ஜெபத்தின் ஒரு மெட்டையும் ஒரே குரலில், எந்தக் கோர்டும் சேர்க்காமல் வைக்க வேண்டும். பாலெஸ்திரினா, விக்டோரியா நூல்களுக்குப் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைச் சுர எழுத்தில் நான்கு தனிப் புத்தகங்களாகப் படியெடுக்கும் வேலைக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால், இன்றே தொடங்கத் தடை எதுவும் இல்லை.